கேட்டதற்கு மட்டும் பதில்

செப்டம்பர் 3, செவ்வாய்

லாரித் தண்ணீர் காலையில் வரவில்லை. குடத்தில் இருந்ததை வைத்துச் சமாளித்துவிட்டுத் துறைக்குப் போனேன்.

ரிவ்கா வந்துவிட்டார். கொச்சியில் பிறந்து இலண்டனில் குடியேறிய யூதப் பெண்மணி. அங்கே ஓர் எபிரேய ஆய்வு நிலையத்தில் பேராசிரியர். எங்கள் சமயவியல் துறையில் சில வாரங்கள் யூத வேதமான தோராவின் கதைகளை நடத்தப் போகிறார். பாவமும் மனந்திரும்புதலும் என்பது தலைப்பு. எனக்குப் பாவத்தில் அக்கறை இல்லை. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டுச் சுவரில் நாள்காட்டிகூடச் சாமி படம் இல்லாததாகப் பார்த்துத்தான் மாட்டுவார். என்னை இழுத்தது எபிரேய மொழி. வெறும் ஒளிநகல்களை வைத்துக்கொண்டே இத்தனை வருஷமாக அதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

இந்த முறை வேறொன்றும் இருக்கிறது. ரிவ்காவின் நிலையம் எங்கள் துறையிலிருந்து ஒருவரை ஓராண்டுக்கு அழைத்துக்கொள்கிறது. மூலச் சுவடிகளோடு ஓராண்டு. ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு வரும் பிப்ரவரியில் ஐம்பது. எபிரேயம் தெரிந்தவர்கள் துறையில் இருவர்தான்: நானும் பியூலாவும்.

பியூலாவுக்கு முப்பத்தாறு. நாசரேத்துக்காரி, பாதிரியார் மகள். வினைச்சொற்களில் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் குழப்புவாள். ஆனால் வாசிக்கத் தொடங்கினால் வகுப்பில் விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். மாணவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யூதர்கள் தனியாகப் படிப்பதில்லையாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பகுதியைச் சத்தமாக வாசித்து, வாதாட வேண்டும். ஹவ்ரூதா என்று பெயர். ரிவ்கா மலையாளம் கலந்த தமிழில், “எனக்கு ஆன்சர் வேண்டா, சண்டை வேணும்” என்றார். என்னையும் பியூலாவையும் ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

காயீன் கதை. அண்ணன் தானியம் கொண்டுவந்தான், தம்பி ஆட்டுக்குட்டி கொண்டுவந்தான். கடவுள் தம்பியின் காணிக்கையைப் பார்த்தார், அண்ணனுடையதைப் பார்க்கவில்லை. அண்ணன் தம்பியைக் கொன்றான்.

காரணம் சொல்லாமல் ஒருவனை ஒதுக்கிவிட்டு, ‘உன் முகம் ஏன் வாடியிருக்கிறது’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். எங்கள் துறைத்தலைவர்கூட அவ்வளவு மோசமில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“காரணம் சொல்லியிருந்தா மட்டும் சும்மா இருந்திருப்பானாக்கா? காரணத்தோட அடிச்சிருப்பான்” என்றாள் பியூலா.

ரிவ்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் கேட்டது ஒரு கேள்வி. அவள் சொன்னது துணுக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் ரிவ்கா என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

விடுமுறை. மூக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்தேன். சின்ன எழுத்து இனிமேல் சிரமம்தான் என்றார் கடைக்காரர்.

செப்டம்பர் 12, வியாழன்

வாசிப்பு முடிந்த பிறகும் பியூலா எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவள் அம்மா அவளோடும் அவள் வீட்டுக்காரரோடும் பெரம்பூரில் இருக்கிறார். ஞாபகம் தப்பிவருகிறது. போன வாரம் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாராம். ரயில் நிலையத்தில் ஒரு பூக்காரம்மா அடையாளம் கண்டு உட்காரவைத்திருக்கிறார். எந்த ஊர் போகணும் என்று கேட்டதற்கு, செத்துப்போன தன் கணவரின் முதல் சபை இருந்த ஊரைச் சொன்னாராம்.

சொல்லும்போது கண் கலங்கவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொல்வதுதான் கேட்பவரைக் கலங்கவைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வேறு சிலவும் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் என்றாள். ஏன் என்னிடம் என்று கேட்கவில்லை. மேசைக்கு எதிரே தினமும் உட்கார்ந்தால் அப்படி ஆகிவிடும்போலிருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

துறைத்தலைவர் கோபாலரத்தினம் சார் கூப்பிட்டார். இலண்டன் விஷயம். ரிவ்காவுக்கு இருவர்மீதும் மதிப்பு, முடிவைத் துறையே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். பியூலாவால் ஓராண்டு வெளியே இருக்க முடியுமா, உங்களோடுதானே பழகுகிறாள் என்று கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. பாட்டிலில் இருந்த காப்பித்தூளும் தீர்ந்தது. தலைவலி.

செப்டம்பர் 19, வியாழன்

யோசேப்பு. அப்பாவுக்குச் செல்லப் பிள்ளை. அவனுக்கு மட்டும் அழகான அங்கி. அண்ணன்மார் பொறாமையில் வெந்து, அவனைக் குழியில் போட்டு, எகிப்துக்குப் போகும் வணிகர்களுக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் அனுப்புகிறார்கள்.

அப்பா ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கி தைத்துக் கொடுத்ததுதான் முதல் பாவம் என்று வாதாடினேன். பியூலா தலையாட்டினாள். பிறகு விரலை ஒரு வரியில் வைத்து எனக்குக் காட்டினாள்.

“இங்க பாருங்கக்கா. அண்ணன்மார் அப்பாகிட்ட ஒரு பொய்கூடச் சொல்லல. ‘இதைக் கண்டெடுத்தோம். உம்ம மகனோடதா, பாரும்.’ அவ்வளவுதான். இரத்தத்தைக் காட்டுனாவ, கேள்வி கேட்டாவ. மீதிப் பொய்ய அப்பாவே சொல்லிக்கிட்டாரு.”

ரிவ்கா இதைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். ஒருவரைப் பற்றிப் பொய் சொல்வதற்கு ஒரு பெயர், உண்மையைச் சொல்லியே கெடுப்பதற்கு வேறொரு பெயர் யூதச் சட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். இரண்டாவதைத்தான் தங்கள் ஆசான்கள் அதிகம் கண்டித்தார்கள், ஏனென்றால் அதைச் செய்கிறவனுக்கு உறுத்தாது என்றார்.

இத்தனை வருஷமாக அந்த வரியை நான் நடத்துகிறேன். அதில் உள்ள வினையைப் பிரித்துக்காட்டியிருக்கிறேன். பொய் இல்லை என்பதைக் கவனித்ததில்லை. அவள் கவனித்துவிட்டாள், வினை தெரியாமலேயே.

செப்டம்பர் 23, திங்கள்

நான்தான். ஜனவரியில் புறப்பட வேண்டும். ஒப்புதலில் அக்டோபர் 9 அன்று கையெழுத்து.

சார் வாழ்த்தினார். அலுவலகத்தில் வாழ்த்தினார்கள். அப்பா இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பியூலா தூத்துக்குடி மக்ரூன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “எங்க ஊர்ல கலியாணத்துக்கும் இதுதான், கண்ணீருக்கும் இதுதான். நீங்க எதுக்குன்னு வச்சுக்கிட்டாலும் சரி” என்று சிரித்தாள். பிறகு, வீட்டு நிலைமையைக் காட்டி சார் வருத்தப்பட்டதாகவும், அம்மா விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை என்றும் சொன்னாள். ரயில் நிலையத்தில் அன்று கல்லூரிப் பிள்ளைகள் யாராவது பார்த்திருக்கலாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இருக்கலாம் என்றேன்.

மக்ரூனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரிக்கவில்லை. எறும்பு வந்துவிடும் என்று குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கிறது. புகைப்படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் என் முகம் அப்பாவுடையதைப் போல இருக்கிறது, யாரையோ குறுக்கு விசாரணை செய்யும் முகம்.

சாரிடம் என்ன சொன்னேன் என்பதைத் தெளிவாக எழுதிவைப்பது நல்லது. பியூலாவின் அம்மாவுக்கு ஞாபகமறதி என்றும், ஒருமுறை காணாமல் போனார் என்றும், அந்த நிலையில் அவள் எப்படி விட்டுவிட்டுப் போவாள், கேட்டால் போகிறேன் என்றுதான் சொல்வாள், பிறகு அங்கே போய்த் தவிப்பாள் என்றும் சொன்னேன். அக்கறையோடு சொன்னேன். சாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். உங்களுக்கு நல்ல மனசு மேடம் என்றார்.

அவளுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

மழை. மாடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது.

அன்றைக்குப் பியூலா சொன்ன ‘வேறு சில’வற்றில் ஒன்று, கோயம்புத்தூரில் இருக்கும் அவள் அண்ணன் அம்மாவை ஓராண்டு வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்பது. அண்ணியே போன் செய்து, நீ தைரியமாகப் போ என்றாளாம். சார் இதைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

யூதர்களுக்குப் புத்தாண்டு. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு ரிவ்கா ஆப்பிள் துண்டுகளும் தேனும் கொண்டுவந்தார். புத்தாண்டிலிருந்து பாவநிவிர்த்தி நாள் வரை பத்து நாள். அந்த நாட்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பார்களாம். கடவுளுக்கு எதிரான குற்றத்தைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்கு எதிரானதை அந்த மனிதர் மன்னிக்கும்வரை கடவுளாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதுவரை கேட்டதில் எனக்குப் பிடித்த சட்டம் இது. கடவுளின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்துவிட்டார்களே.

பிறகு வாதத்துக்குப் பொருள் கொடுத்தார். ஒருவரைப் பற்றிப் பேசிக் கெடுத்துவிட்டாய். அவருக்கு அது தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்பதா, சொன்னால் வேதனைப்படுவார் என்று சும்மா இருப்பதா? அவர்களின் பெரிய ஆசான்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்களாம். ரிவ்கா பக்கம் பிரித்தார். சொல்லக் கூடாது என்று பியூலா. சொல்ல வேண்டும் என்று நான்.

மாணவர்கள் சுற்றி நின்றார்கள். பியூலா நன்றாகத் தொடங்கினாள். தெரியாதவளிடம் போய்ச் சொல்வது உன் தலைச்சுமையை அவள் தலையில் இறக்குவது, நீ லேசாக நடந்துபோவாய், அவள் சுமப்பாள் என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். வழக்கம்போல.

அந்தக் கைத்தட்டல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. சொல்லாமல் இருப்பது இரண்டாவது களவு என்றேன். முதலில் அவளுக்கு வரவேண்டியதை எடுத்தாய். இப்போது கோபப்படும் உரிமையையும் எடுக்கிறாய். அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் அவளையே ஏமாற்ற அவள் சிரிப்பைப் பயன்படுத்துகிறாய். அவளுக்கு வலிக்குமே என்று நீ சொல்வது இரக்கமில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்க்க உனக்குத் துணிவில்லை.

சத்தம் அடங்கிவிட்டது. விசிறி மட்டும் சுற்றியது.

“நான் தோத்துட்டேன்க்கா” என்று பியூலா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தாள். ரிவ்கா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

முதல்முறையாக அவளை வென்றேன். பேருந்து அயனாவரம் தாண்டும்வரை சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

கடைசி வகுப்பு. ரூபனின் கதை.

யோசேப்பைக் கொல்ல வேண்டாம், குழியில் போடுங்கள் என்று தடுத்தவன் மூத்தவன் ரூபன். பிறகு வந்து தம்பியைத் தூக்கி அப்பாவிடம் சேர்த்துவிடலாம் என்பது அவன் திட்டம். திரும்பி வந்தபோது குழி காலி. விற்று முடித்துவிட்டார்கள். நடுவில் அவன் எங்கே போயிருந்தான்? தோரா சொல்லவில்லை. ரபிகள் எனப்படும் பழைய ஆசான்கள் ஒரு கதை சொல்வார்களாம்: முன்பு அப்பாவுக்குச் செய்த துரோகத்தை நினைத்து, ரூபன் சாக்குத் துணி உடுத்தி உபவாசம் இருந்துகொண்டிருந்தான். அவன் தன் பாவத்துக்கு அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் தம்பி விலைபோனான்.

சில ஆசான்கள் ரூபனைப் புகழ்கிறார்களாம், மனந்திரும்பிய முதல் ஆள் என்று. ரிவ்கா தன் கருத்தைச் சொல்லவில்லை.

“ரூபன் நல்லவன்தான். ஆனா நாளைக்கு நல்லவன்” என்றாள் பியூலா.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. கீழ்வீட்டில் பொரி, சுண்டல் கொடுத்தார்கள். வாசலில் பூசணி உடைத்திருக்கிறார்கள். வழுக்கிவிழாமல் ஓரமாக நடந்து வந்தேன்.

அடுத்த ஆண்டுக்குப் பியூலாவின் பெயரை வலுவாகப் பரிந்துரைத்து எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். இலண்டனில் இருந்தபடியே செய்யலாம். அங்கே ஆட்கள் பழக்கமாகியிருப்பார்கள்.

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் லேசாகியிருக்கிறது. ரூபனுக்குச் சாக்குத் துணி. எனக்கு இது.

நாளை மறுநாள் கையெழுத்து.

அக்டோபர் 8, செவ்வாய்

பெரம்பூர் போனேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா. மெலிந்த, சுத்தமான பெண்மணி. என்னைப் பார்த்ததும் சபை ஊழியக்காரி என்று நினைத்து, பைபிள் ஸ்திரீயா, உள்ளே வாங்க, ஐயர் வெளியே போயிருக்காவ என்றார், இறந்துபோன பாதிரியார் இன்னும் இருப்பதுபோல. பியூலா பின்னாலிருந்து வந்து, “எங்க டிப்பார்ட்மென்ட் அக்காம்மா” என்றாள். அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்தாள். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். சார் கேட்டது, நான் சொன்னது, எல்லாம். எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் முகம் மாறியது. பார்த்தேன்.

“எங்க அண்ணன் சம்மதிச்சதும் உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“அதச் சொல்லலையா?”

“சார் கேட்கலை.”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. உள்ளே அம்மா பாட்டோ ஜெபமோ முணுமுணுக்கத் தொடங்கினார். நாளை காலையில் சாரிடம் போய் முழுவதையும் சொல்லிவிடுவேன், கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். போங்க, அது செய்யவேண்டியதுதானே என்பதுபோல் தலையசைத்தாள். மன்னித்துவிடு என்றேன். அந்த வார்த்தையை நான் எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் சரி என்பாள் என்று நம்பித்தான் போயிருக்கிறேன். பாதிரியார் மகள், எல்லோருக்கும் நல்லவள். சிரித்து, விடுங்கக்கா என்று சொல்லி, டீ போடுவாள் என்று.

“முடியலக்கா. அம்மா தொலஞ்ச கதைய உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட முழுசாச் சொல்லல” என்றாள். பிறகு ரிவ்கா தனக்குச் சொன்ன ஒரு விதியைச் சொன்னாள். தப்புச் செய்தவர் மூன்று தடவை கேட்க வேண்டுமாம். மூன்றாவது தடவையும் மறுத்தால் பாவம் மறுத்தவர் தலையில் ஏறிவிடும்.

“இது ஒண்ணு. இன்னும் ரெண்டு இருக்கு உங்களுக்கு” என்று கதவைத் திறந்துவிட்டாள்.

படியிறங்கும்போது முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: இவ்வளவு நல்ல பதில் எனக்குத் தோன்றியிருக்காது.

அக்டோபர் 9, புதன்

சாரிடம் சொன்னேன். அவருக்குக் கோபத்தைவிட அலுப்புத்தான் அதிகம். இதென்ன மேடம், படித்தவர்கள் செய்கிற காரியமா, நான் இலண்டனுக்கு என்னவென்று எழுதுவது என்றார். பிழை என்னுடையது என்றே எழுதுங்கள் என்றேன். அப்படியெல்லாம் எழுத முடியாது, தனிப்பட்ட காரணத்தால் விலகுகிறார் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். எனக்காக அவர் சொல்கிற பொய். அதையும் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ரிவ்காவுக்கு இன்று பாவநிவிர்த்தி நாள் உபவாசம். வரவில்லை. நான் மதியம் சாப்பிட்டேன். பசித்தது.

அக்டோபர் 18, வெள்ளி

இலண்டனிலிருந்து பதில் வந்துவிட்டது. பியூலா போகிறாள்.

மாணவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். நல்ல காரியம் செய்தால் மனம் நிறையும் என்கிறார்கள். எனக்கு நிறையவில்லை. என் சுவடிகளை அவள் தொடப் போகிறாள், காலத்தைக் குழப்பி வாசிக்கப் போகிறாள், அங்கேயும் கை தட்டுவார்கள். பொறாமை அப்படியே இருக்கிறது, ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

கூட்டம் போன பிறகு அவள் அறைக்குப் போய் இரண்டாவது முறை கேட்டேன். இந்த முறை ‘சார் கேட்கலை’ என்ற வார்த்தைக்கும் சேர்த்துக் கேட்டேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இன்னும் முடியவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மக்ரூனைத் தின்று தீர்த்தேன். நமுத்துப் போயிருந்தது.

டிசம்பர் 21, சனி

கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்ததும் பியூலா புறப்படுகிறாள். அம்மாவை அண்ணன் வந்து கூட்டிப்போய்விட்டார்.

இன்று காலை என் வீட்டுக்கே வந்தாள், புத்தகங்களோடு. இதுவரை வந்ததில்லை. “அந்த வினைச்சொல்தான் இன்னும் தகராறு. அதுக்கு உங்கள விட்டா ஆளு யாரு இருக்கா?” என்றாள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மதியம்வரை நடத்தினேன். தப்பாக வாசித்த இடங்களில் நிறுத்தினேன், திரும்ப வாசிக்கச் சொன்னேன். கடுமையாகவே இருந்தேன். முகம் சுளிக்கவில்லை. யோசேப்பை விற்ற அண்ணன்மாரில் ஒருவனான யூதா, பல வருஷம் கழித்துக் கடைசித் தம்பிக்குப் பதில் தன்னை அடிமையாக எடுத்துக்கொள்ளும்படி எகிப்தில் எழுந்துநின்று பேசும் பகுதியை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்தபோது, நான் வாசித்தால் ஒருபோதும் அப்படி இராது என்று நினைத்தேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பையைத் தோள் மாற்றினாள். இலண்டன் குளிரைப் பற்றி ஏதோ சொன்னாள். மறுபடி நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். மூன்றாவது முறை மறுக்க விதி இடம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு மன்னிப்பை அவளிடம் கறந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் அவளுடையது, வேண்டும்வரை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிட்டு அதிலும் எனக்கு ஒரு படி மேலே போய்விடுவாளே என்ற நினைப்பும் கூட இருந்திருக்கலாம். இரண்டில் எது பெரியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“வாரேன்க்கா” என்றாள்.

மாடிப்படி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கரும்பச்சைச் சேலை. அவளுக்கு அந்த நிறம் நன்றாகத்தான் இருந்தது.